பைத்தான் புரோகிராமில் கிளாஸ்: வாசகர் கேள்விகள்

கேள்வி: வரி, தள்ளுபடி கணக்கிடும் பத்து ஃபங்ஷன்களை ஒரே கிளாஸுக்குள் ஸ்டாட்டிக்மெத்தடாக (செல்ஃப் இல்லாத ஃபங்ஷனாக) அடுக்கியிருக்கிறேன். சரியா?

ஓடும், ஆனால் கிளாஸ் தேவையே இல்லை. ‘கணக்கு’ என்று ஒரு ஃபைலில் வைத்து இம்போர்ட் செய்தால், கணக்கு.தள்ளுபடி() என்று அழைக்கலாம். கிளாஸுக்குள் இருந்தால் ஒரு ஃபங்ஷன் பக்கத்து ஃபங்ஷனை அழைக்கவும் கிளாஸ் பெயரைச் சேர்த்தே எழுத வேண்டும், விட்டால் நேம்எரர். ஒரே மூன்று நான்கு மதிப்புகளை எல்லா ஃபங்ஷனுக்கும் திரும்பத் திரும்ப அனுப்புகிறீர்களா? அப்போது அவற்றைச் செல்ஃபில் வைத்துக்கொள்ள கிளாஸ் எழுதுங்கள்.

கேள்வி: ரசீது கிளாஸில் பொருட்கள் = [] என்று எழுதினேன். இரண்டாவது ரசீதில் முதல் ரசீதின் சரக்கும் வருகிறதே?

அந்த லிஸ்ட் உருவாவது ஒரே முறை, கிளாஸ் வரையறுக்கப்படும்போது. எத்தனை ரசீது போட்டாலும் எல்லாம் அந்த ஒரே லிஸ்ட்டைத்தான் பார்க்கின்றன; அப்பெண்ட் அதிலேயே போய்ச் சேர்கிறது. ஆனால் செல்ஃப்.தொகை = 500 என்று எழுதினால் அந்த ரசீதுக்கு மட்டும் தனி மதிப்பு உருவாகும். எண்களில் எல்லாம் சரியாக நடப்பதால்தான் இந்தப் பிழை வெகுநாள் கண்ணில் படுவதில்லை. இரண்டு ரசீதுகளின் லிஸ்ட்டையும் ‘இஸ்’ (is, இரண்டும் ஒரே ஆப்ஜெக்ட்தானா என்று பார்ப்பது) போட்டு ஒப்பிடுங்கள், ட்ரூ வரும்.

ஒவ்வொரு ரசீது உருவாகும்போதும் ஓடும் இனிட் (__init__) மெத்தடுக்குள் செல்ஃப்.பொருட்கள் = [] என்று மாற்றினால் தீர்ந்தது. அங்கேயும் பாராமீட்டரின் டீஃபால்ட்டாக [] கொடுத்துவிடாதீர்கள். அதுவும் ஒரே முறைதான் உருவாகும். டீஃபால்ட்டாக None கொடுத்து, உள்ளே புது லிஸ்ட் போடுங்கள். பைத்தான் 3.7 முதல் இருக்கும் டேட்டாகிளாஸ் (இனிட் போன்ற மெத்தடுகளைத் தானே எழுதித் தரும் வசதி) இந்தத் தவறை வேல்யூஎரர் கொடுத்துத் தடுத்துவிடும்; அங்கே ஃபீல்டு என்ற ஃபங்ஷனில் டீஃபால்ட்_ஃபேக்டரி=லிஸ்ட் என்று எழுதுவதே முறை.

கேள்வி: ஆர்டர் நிலையை “அனுப்பியது” போன்ற ஸ்ட்ரிங்காக வைத்திருக்கிறேன். எழுத்துப்பிழையால் கணக்கு தப்புகிறது.

குறிப்பிட்ட சில மதிப்புகளுக்கு மட்டும் பெயர் வைக்கும் எனம் (Enum) கிளாஸுக்கு மாறுங்கள், பைத்தான் 3.4 முதலே இருக்கிறது. நிலை.அனுப்பியது என்பதில் ஓர் எழுத்து தவறினாலும் அந்த வரி ஓடியதும் ஆட்ரிபியூட்எரர் வந்துவிடும். ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. டேட்டாபேஸிலிருந்து வந்த ஸ்ட்ரிங்கை எனம் உறுப்போடு == போட்டு ஒப்பிட்டால், சத்தமே இல்லாமல் ஃபால்ஸ் வரும். ஆகவே தரவு உள்ளே வரும் இடத்திலேயே நிலை("அனுப்பியது") என்று மாற்றிவிடுங்கள். தெரியாத மதிப்பு வந்தால் அங்கேயே வேல்யூஎரர் எழும். பைத்தான் 3.11 அல்லது அதற்கு மேல் என்றால் ஸ்ட்ர்எனம் (StrEnum) ஸ்ட்ரிங்கோடு நேராகவே ஒப்பிட விடும்.

கேள்வி: ஆப்ஜெக்ட்டை பிரிண்ட் செய்தால் ஏதோ மெமரி முகவரி வருகிறது.

ஆப்ஜெக்ட்டை எப்படிக் காட்டுவது என்று சொல்லும் ரெப்ர் (__repr__) மெத்தட் எழுதவில்லை, அதனால்தான். பெயருக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு வேண்டும். பிரிண்ட் செய்யாமல் ஸ்ட்ரிங்கை ரிட்டர்ன் செய்ய வேண்டும். டேட்டாகிளாஸ் என்றால் அது தானாகவே வந்துவிடும்.