பல் கூச்சம்: வாசகர் கேள்விகளும் மருத்துவரின் பதில்களும்

கேள்வி: எனக்கு வயது 42. சில மாதங்களாகக் குளிர்ந்த நீர் பட்டாலும், மாங்காய் கடித்தாலும் மேல்வரிசைப் பற்கள் கூசுகின்றன. சரியாகத் துலக்காததுதான் காரணம் என்று எண்ணிக் கடினமான பிரஷ்ஷில் பற்பொடியைத் தொட்டு இரு வேளையும் அழுத்தித் தேய்க்கிறேன். ஆனால் கூச்சம் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. என்ன செய்யலாம், டாக்டர்?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: அழுத்தித் தேய்ப்பதை இன்றே நிறுத்துங்கள் அம்மா. கூச்சம் கூடுவதற்கு அதுவே முதற்காரணமாக இருக்கக்கூடும். பல்லின் மேற்பகுதியை மூடியிருக்கும் எனாமல் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள்; அதில் நரம்பு கிடையாது. அதற்கு அடியிலுள்ள டென்டின் அப்படியன்று. கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள், ஒரு சதுர மில்லிமீட்டருக்குப் பல்லாயிரம் என்ற அளவில், அதனூடே பல்லின் நடுவிலுள்ள நரம்புப் பகுதியை நோக்கிச் செல்கின்றன. டென்டின் வெளியே தெரியும்போது, குளிர்ச்சியோ காற்றோ புளிப்போ பட்டவுடன் இக்குழாய்களில் உள்ள திரவம் சட்டென நகர, அந்த அசைவை நரம்பு சுரீரென்ற வலியாக உணர்கிறது. ஸ்வீடனைச் சேர்ந்த பல் மருத்துவ ஆய்வாளர் மார்ட்டின் பிரென்ஸ்ட்ரோம் 1960களில் ஆய்ந்து நிறுவிய இவ்விளக்கமே இன்றும் பெரிதும் ஏற்கப்படுகிறது.

ஈறு இறங்கும்போது பல்லின் வேர் வெளியே தெரிகிறது. வேரின்மீது எனாமல் இல்லை. அதை மூடியிருக்கும் மெல்லிய படலம் எளிதில் தேய்ந்துவிடும். நாள்தோறும் குறுக்குவாக்கில் அழுத்தித் தேய்ப்பவர்களுக்கு ஈறோரத்தில் ஆப்பு வடிவில் ஒரு பள்ளம் விழுவதுண்டு. நகத்தால் மெல்ல வருடினாலே அது தட்டுப்படும். உப்பு, சாம்பல், செங்கற்பொடி, கரித்தூள் போன்ற சொரசொரப்பான பொருள்கள் இத்தேய்மானத்தை விரைவுபடுத்துகின்றன. கரித்தூள் கலந்த பற்பசைகளை இளைஞர்கள் விரும்பி வாங்குவது எனக்கு உண்மையிலேயே கவலையளிக்கிறது.

அடுத்த காரணம் அமிலம். அமிலத்தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவு குறையக் குறையப் புளிப்பு கூடும்; வாயில் அது ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். டென்டின் அதற்கும் முன்பே கரையும். எலுமிச்சைச் சாறும் கோலா பானங்களும் இந்த அளவைவிட மிகவும் புளிப்பானவை. அதற்காக நீங்கள் மாங்காயையே விட்டுவிட வேண்டியதில்லை. அடிக்கடி கொறிக்காமல் உணவோடு சேர்த்து உண்டு, உடனே வெறும் தண்ணீரால் வாய் கொப்பளித்துவிட்டு, குறைந்தது அரை மணி நேரம் கழித்துப் பல் துலக்கினால், மென்மையாகிப்போன பற்பரப்பை உமிழ்நீர் ஓரளவு மீட்டெடுக்க வாய்ப்புக் கிடைக்கும். இரவில் நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் இருந்தால், வயிற்று அமிலம் வாய்வரை வந்து பற்களைக் கரைக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இனி மென்மையான பிரஷ்ஷையும், 5 சதவீதம் பொட்டாசியம் நைட்ரேட்டும் ஃபுளோரைடும் உள்ள பற்பசையையும் பயன்படுத்துங்கள். பொட்டாசியம் நரம்பின் தூண்டலைத் தணிக்கிறது. அர்ஜினைன், ஸ்டானஸ் ஃபுளோரைடு கலந்த பசைகள் நுண்குழாய்களின் வாயை அடைக்கின்றன. துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும். நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் மருந்தும் போய்விடும். பலன் தெரிய 2 முதல் 4 வாரங்கள் ஆகும் என்பதை அறியாமல், நான்கைந்து நாளில் பயனில்லை என்று கைவிடுபவர்களே அதிகம். அதன் பிறகும் குறையாவிட்டால் ஃபுளோரைடு வார்னிஷ் பூசுவது, பள்ளத்தைப் பல்லின் நிறத்திலேயே அடைப்பது, தேவையெனில் இறங்கிய ஈற்றை அறுவை சிகிச்சையால் மூடுவது என அடுத்தடுத்த வழிகள் உள்ளன.

கேள்வி: பல் மருத்துவரிடம் பற்களைச் சுத்தம் செய்துகொண்ட பிறகே எனக்குக் கூச்சம் வந்தது. சுத்தம் செய்தால் எனாமல் தேய்ந்துவிடும் என்று வீட்டில் சொல்கிறார்கள். இது உண்மையா?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: முறையாகச் செய்யப்படும் சுத்திகரிப்பு எனாமலைத் தேய்ப்பதில்லை. அங்கே அகற்றப்படுவது பல்லின்மேல் கெட்டியாகப் படிந்த காரை. பல ஆண்டுகளாக அது மூடியிருந்த வேர்ப்பகுதி இப்போது திறந்திருப்பதாலும், வீங்கியிருந்த ஈறு சுருங்குவதாலும் கூச்சம் தோன்றுகிறது; பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் அடங்கிவிடும். இதற்கு அஞ்சிக் காரையை அப்படியே விட்டால், ஈறும் அதைத் தாங்கும் எலும்பும் அரிக்கப்பட்டுப் பல்லே ஆடத் தொடங்கும்.

கேள்வி: ஒரு கடைவாய்ப் பல் மட்டும் சூடான காபி பட்டால் வலித்து, வெகுநேரம் நிற்காமல் விண்விண் என்று தெறிக்கிறது. இரவில் தூக்கமும் கலைகிறது. கிராம்பு எண்ணெய் வைக்கிறேன். கூச்சத்துக்கான பற்பசை போதுமா?
- ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: போதாது. டென்டின் கூச்சம், பட்ட பொருளை விலக்கியதும் நொடிகளில் மறையும். நீங்கள் சொல்வது பல்லின் உள்ளே நரம்புப் பகுதி அழற்சியுற்றிருப்பதன் அறிகுறி. ஆழமான சொத்தையோ விரிசலோ காரணமாக இருக்கலாம். கிராம்பு எண்ணெய் சில மணி நேரம் வலியை மறக்கச் செய்யுமே தவிர, உள்ளே நடப்பதை நிறுத்தாது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் அடைத்தாலே போதுமா, வேர் சிகிச்சை வேண்டுமா என்பது தெரியும். முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் செல்லுங்கள். வலி தானாக நின்றுவிட்டாலும் போகாமல் இருந்துவிடாதீர்கள். நரம்பு செத்துப்போன பல்லிலும் வலி நின்றுவிடும், ஆனால் சீழ் வேர்நுனியில் சேர்ந்துகொண்டேயிருக்கும்.