வெளிநாட்டில் உழைப்பவர் அனுப்பும் பணமும் இலங்கையின் சென்மதி நிலுவையும் (வெளிநாடுகளுடனான நாட்டின் வரவு செலவுக் கணக்கு): கேள்வி பதில்

கேள்வி (மட்டக்களப்பு): ஐயா, நடைமுறை மாற்றல் என்றால் என்ன?

பதில்: பதிலுக்குப் பொருளோ சேவையோ கேட்காமல் கொடுக்கும் பணம். கட்டாரில் இருக்கும் மகன் அம்மாவுக்கு அனுப்புவது அதுதான். மத்திய வங்கியின் புதிய அறிக்கைகளில் 'இரண்டாந்தர வருமானம்' என்ற தலைப்பில் தேடுங்கள்.

கேள்வி (வவுனியா): வெளிநாட்டில் உழைப்பவர் அனுப்பிய பணம் 2020 இல் 7.1 பில்லியன் டொலர். 2022 இல் 3.8 பில்லியன்தான். பிள்ளைகள் அனுப்புவதை நிறுத்திவிட்டார்களா?

பதில்: பெரும்பாலும் இல்லை. பாதைதான் மாறியது. 2021 செப்டெம்பரிலிருந்து மத்திய வங்கி டொலரின் விலையை 200 ரூபாய்க்குச் சற்று மேலே பிடித்து வைத்திருந்தது. வெளிச்சந்தையில் அதைவிட நல்ல விலை. உண்டியல்காரர், அதாவது வங்கிக்கு வெளியே பணம் மாற்றிக் கொடுப்பவர், டொலரை அங்கேயே வாங்கி, இங்கே வீட்டில் ரூபாயைக் கொடுத்துவிடுவார். அந்த டொலரை ஓர் இறக்குமதியாளர் தன் பாக்கிக்குக் கட்டுவார். வீட்டுக்குக் காசு வந்துவிட்டது, வங்கிக் கணக்கில் ஒன்றும் பதியவில்லை. அதனால் 3.8 என்பது வங்கிவழி வந்த தொகை மட்டுமே. 2021 டிசம்பரில் டொலருக்குப் பத்து ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தும் அந்த இடைவெளி அடைபடவில்லை.

கேள்வி (தோஹா): நானும் உண்டியலில் அனுப்பினேன் ஐயா. எண்ணெய்க்கு டொலர் இல்லாமல் போனதற்கு நாங்களா காரணம்?

பதில்: அந்தப் பழியை உங்கள் தலையில் கட்டுவதை நான் ஏற்கவில்லை. வெயிலில் உழைத்த காசுக்குக் குறைந்த விலையை யார் ஏற்பார்? பிழை பிடித்து வைத்த மாற்று விகிதத்தில். 2022 மார்ச்சில் அப்படிப் பிடித்து வைப்பதைக் கைவிட்டார்கள், ரூபாய் சரிந்தது, ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவையே நிறுத்தினார்கள். ஆனால் உண்டியல் சட்டவிரோதம், பணம் போனால் முறையிட இடமில்லை. அதை மறக்காதீர்கள்.

கேள்வி (மன்னார்): ஆறு மாத ஒப்பந்தத்தில் போகிறவரின் சம்பளம்?

பதில்: ஒரு வருடத்துக்குக் குறைவென்றால் அவர் இலங்கை வதிவாளரே, அதாவது இலங்கையில் வசிப்பவராகவே கணக்கிடுவார்கள். அது முதலாந்தர வருமானம், அதாவது உழைப்புக்கோ முதலீட்டுக்கோ கிடைக்கும் வருமானம்.

கேள்வி (முல்லைத்தீவு): சுனாமிக்குப் பிறகு வீடு கட்ட வந்த நன்கொடை?

பதில்: நிலையான சொத்துக்கு வந்தால் மூலதன மாற்றல். சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் வந்தது நடைமுறை மாற்றல்.

கேள்வி (யாழ்ப்பாணம்): அதன் பிறகு எப்படி?

பதில்: 2023 இல் ஏறக்குறைய 6 பில்லியன், 2024 இல் சுமார் 6.6. 2023 இல் நடைமுறைக் கணக்கே (பொருள், சேவை, வருமானம், மாற்றல் ஆகியவற்றின் வரவு செலவு) உபரி, 1977க்குப் பிறகு முதல் தடவை. இறக்குமதி சுருங்கியதும் அதற்கு ஒரு காரணம் என்பதால் இந்த அனுப்பலுக்கே முழுப் பெயரையும் கொடுக்கமாட்டேன்.