கல்லூரிக் கால்பந்து அரங்குகளில் கூட்டம் குறைவது ஏன்? கேள்வி பதில்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கால்பந்து ஆட்டங்களை நேரில் சென்று பார்ப்போர் குறைந்து வருவது பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கால்பந்து என்று நான் குறிப்பிடுவது, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டத்தையே.

கேள்வி (டல்லஸில் பணிபுரிபவர்): ஐயா, தொலைக்காட்சியில் பார்த்தால் அரங்குகள் நிரம்பித்தான் இருக்கின்றன. உண்மையிலேயே கூட்டம் குறைந்திருக்கிறதா?

பதில்: குறைந்தது உண்மை, ஆனால் எல்லா ஊரிலும் ஒரே அளவில் குறையவில்லை. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் உயர்நிலைப் பிரிவான எஃப்.பி.எஸ். அணிகளின் சராசரி வருகை 2008-இல் ஓர் ஆட்டத்துக்கு 46,000-ஐத் தாண்டி உச்சம் தொட்டது. அதன்பின் ஏறக்குறைய ஆண்டுதோறும் சரிந்து, 2018-இல் 42,000-க்குக் கீழே இறங்கியது. பெருந்தொற்றுக் காலம் முடிந்து 2022 முதல் ஓரளவு மீண்டிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நீங்கள் தொலைக்காட்சியில் காண்பவை பெரும்பாலும் எஸ்.இ.சி., பிக் டென் ஆகிய பெரும் கூட்டமைப்புகளின் (தமக்குள் ஆடிக்கொள்ளும் பல்கலைக்கழகக் குழுக்களின்) முதன்மை ஆட்டங்கள். அவற்றுக்கு டிக்கெட் கிடைப்பதே அரிது. சிறிய கூட்டமைப்புகளின் அரங்குகளுக்குள் போய்ப் பார்த்தால்தான் காலி வரிசைகள் தெரியும்.

கேள்வி (நியூ ஜெர்சியிலிருந்து): பாதி இருக்கைகள் காலியாகத் தெரிந்த ஓர் ஆட்டத்துக்கு, முக்கால் அரங்கு நிறைந்ததாக அறிவித்தார்கள். இந்தக் கணக்கை எப்படிப் போடுகிறார்கள்?

பதில்: அறிவிக்கப்படும் எண், பெரும்பாலும் விற்ற டிக்கெட்டுகளும் இலவசமாகக் கொடுத்த டிக்கெட்டுகளும் சேர்ந்த கணக்கு. வாத்தியக் குழுவினர், பணியாளர்கள், தின்பண்டம் விற்போர் ஆகியோரையும் சேர்த்து எண்ணும் வழக்கம் சில இடங்களில் உண்டு. வாயிலில் ஸ்கேன் செய்யப்பட்ட டிக்கெட்டுகளின் எண்ணிக்கை வேறு. அந்தப் பதிவேடுகளைப் பல பல்கலைக்கழகங்களிடமிருந்து கேட்டுப் பெற்ற வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ், உண்மையில் உள்ளே வந்தவர்கள் அறிவிக்கப்பட்ட எண்ணிக்கையில் சராசரியாக 71 விழுக்காடுதான் என்று 2018-இல் எழுதியது. எண்ணை உயர்த்திக் காட்டுவதற்கு ஒரு நிர்வாகக் காரணமும் இருந்தது. எஃப்.பி.எஸ். பிரிவில் நீடிக்க வேண்டுமானால் சராசரி வருகை 15,000 இருந்தாக வேண்டும் என்று ஒரு விதி நெடுங்காலம் நடைமுறையில் இருந்து, 2023-இல்தான் நீக்கப்பட்டது. வாங்கிய டிக்கெட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வராமல் இருக்கும் ரசிகரே எனக்கு அதிகக் கவலை தருகிறார். பணம் கொடுத்த பிறகும் வர மனமில்லை என்றால், விலையைக் குறைப்பதால் மட்டும் அவரைத் திரும்ப அழைத்துவர முடியாது.

கேள்வி (ஓஹாயோவிலிருந்து): எல்லா ஆட்டங்களையும் தொலைக்காட்சியில் காட்டுவதுதான் காரணம் என்கிறார்களே, நீங்கள் ஏற்கிறீர்களா?

பதில்: பாதி ஏற்கிறேன். இந்த அச்சம் புதிதன்று. தொலைக்காட்சி பரவத் தொடங்கிய 1950-களின் முற்பகுதியிலேயே, அரங்குகள் காலியாகிவிடும் என்று அஞ்சிய என்.சி.ஏ.ஏ., ஒரு சனிக்கிழமையில் எத்தனை ஆட்டங்களைக் காட்டலாம், ஓர் அணி எத்தனை முறை திரையில் தோன்றலாம் என்பதற்குக் கடுமையான வரம்பு விதித்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984-இல், இந்த ஏற்பாடு வணிகப் போட்டியை நசுக்குகிறது என்று 7-க்கு 2 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்து, அந்த வரம்பைத் தகர்த்தது. மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய நீதிபதி பைரன் வைட், தம் மாணவப் பருவத்தில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற ஆட்டக்காரர். கல்லூரி விளையாட்டு கல்வியின் ஒரு பகுதியாக இல்லாமல் வெறும் வணிகமாகிவிடும் என்று அவர் கவலைப்பட்டார். அவருடைய கவலையில் நியாயம் இருந்தது என்றே கருதுகிறேன்.

ஆனால் திரையில் ஆட்டம் தெரிவது மட்டும் ஆளை வீட்டில் உட்கார வைப்பதில்லை. அப்படியிருந்தால் 1984-க்குப் பின் 2008 வரை வருகை ஏறியிருக்காது. ஒளிபரப்புக்காக ஆட்டத்தையே வளைத்ததுதான் கேடு என்பது என் கருத்து. பிக் டென் கூட்டமைப்பு 2022-இல் மூன்று தொலைக்காட்சி நிறுவனங்களுடன் செய்துகொண்ட ஏழாண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 700 கோடி டாலருக்கும் மேல். அவ்வளவு பணம் கொடுப்பவர்களே ஆட்டம் தொடங்கும் நேரத்தை முடிவு செய்கிறார்கள். பல ஆட்டங்களின் நேரம் 12 நாள்களுக்கு முன்புதான் தெரியும். சில வாரங்களில் 6 நாள்களுக்கு முன்புதான். முகூர்த்தம் காலையிலா மாலையிலா என்பதைக் கல்யாணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது சொன்னால், வெளியூர் உறவினர் எப்படிப் புறப்பட முடியும்? ஃபிலடெல்ஃபியாவிலிருந்து பென் ஸ்டேட் பல்கலைக்கழக அரங்குக்கு மூன்று மணி நேரம் கார் ஓட்டிவரும் குடும்பம், ஆட்டம் பகல் 12 மணிக்கா இரவு 7.30-க்கா என்று தெரியாமல் விடுதி அறையை எப்படிப் பதிவு செய்யும்?

இதைவிட வருத்தமானது மிட்-அமெரிக்கன் கூட்டமைப்பின் நிலை. மிச்சிகன், ஓஹாயோ போன்ற மாநிலங்களின் நடுத்தரப் பல்கலைக்கழகங்கள் ஆடும் கூட்டமைப்பு அது. சனிக்கிழமையில் பெரிய அணிகளுடன் திரையில் போட்டியிட முடியாததால், நவம்பரில் செவ்வாய், புதன் இரவுகளில் ஆட ஒப்புக்கொண்டார்கள். நாடு முழுவதும் திரையில் தெரிகிறார்கள். ஆனால் குளிர்ந்த வார நாள் இரவில், மறுநாள் வேலையையும் வகுப்பையும் வைத்துக்கொண்டு யார் அரங்குக்கு வருவார்கள்? உள்ளூர்க்காரரின் இருக்கையைக் கொடுத்துவிட்டு வெளியூர்க்காரரின் கண்களை வாங்கிக்கொண்டார்கள்.

கேள்வி (டஸ்கலூசாவில் படிக்கும் மாணவர்): எங்கள் அலபாமா அணி நாட்டிலேயே சிறந்தவற்றுள் ஒன்று. இருந்தும் இடைவேளையோடு மாணவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். ஏன் ஐயா?

பதில்: தம்பி, உங்கள் அணி மிக எளிதாக வெல்வதும் ஒரு காரணம். தோல்வி உறுதி என்று தெரிந்தும், ஆடுவதற்குக் கிடைக்கும் தொகைக்காகச் சிறிய அணிகள் வரும் செப்டம்பர் ஆட்டங்களில், இடைவேளைக்கு முன்பே முடிவு தெரிந்துவிடுகிறது. வெயிலோ தாங்க முடிவதில்லை. 2018-இல் அப்போதைய பயிற்சியாளர் நிக் சேபன், மாணவர் பகுதி காலியாகக் கிடந்ததை வெளிப்படையாகவே கடிந்துகொண்டார். மறு ஆண்டே பல்கலைக்கழகம் ஒரு கைபேசிச் செயலியைக் கொண்டுவந்தது. ஆட்டத்துக்கு வந்தால் 100 புள்ளிகள், ஆட்டத்தின் கடைசிப் பகுதியான நான்காம் கால் பகுதி வரை இருந்தால் மேலும் 250 புள்ளிகள். அதிகப் புள்ளிகள் சேர்த்தவர்களுக்கு இறுதிப் போட்டி டிக்கெட்டுகளில் முன்னுரிமை. மாணவர் இருக்கும் இடத்தைக் கைபேசி வழியே கண்டறியும் ஏற்பாடு அது என்பதால் கண்டனமும் எழுந்தது. அந்தக் கண்டனத்தோடு நான் உடன்படுகிறேன். உட்கார வைப்பதற்குக் கண்காணிப்பு தேவைப்படுகிறது என்றால், சரிசெய்ய வேண்டியது ஆட்ட நாளின் அனுபவத்தைத்தான். விளம்பரத்துக்காக ஆட்டம் நிற்கும்போது, வீட்டிலிருப்பவர் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்து வருகிறார். அரங்கிலிருப்பவர் ஒன்றும் நடக்காத புல்வெளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஓர் ஆட்டத்தில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது. மொத்த நேரமோ மூன்று மணி 20 நிமிடத்தைத் தாண்டிப் போயிருந்தது.

கேள்வி (ஆன் ஆர்பரிலிருந்து): மிச்சிகனிலும் நெப்ராஸ்காவிலும் கூட்டம் குறைந்ததே இல்லை என்கிறார்களே?

பதில்: பெருமைக்குரிய சாதனைகள்தான், ஆனால் அவற்றைக் காக்கப் பட்ட பாட்டையும் அறிய வேண்டும். லிங்கன் நகரில் நெப்ராஸ்கா அணியின் ஆட்டங்களுக்கு 1962 நவம்பர் முதல் எல்லா டிக்கெட்டுகளும் விற்றுத் தீர்வது தொடர்கிறது. அணி தோற்றுக்கொண்டிருந்த 2021-இல், மீந்த டிக்கெட்டுகளை நன்கொடையாளர்கள் வாங்கி வசதி குறைந்த பிள்ளைகளுக்கு வழங்கியதால்தான் அது அறுபடவில்லை. இதை ஏமாற்று என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. அந்த இருக்கைகளில் குழந்தைகள் உட்கார்ந்தார்கள். அவர்களில் சிலராவது வாழ்நாள் ரசிகர்கள் ஆவார்கள்.

உங்கள் ஊர்க் கதை வேறு. 1,07,601 இருக்கைகள் கொண்ட மிச்சிகன் அரங்கில், பெருந்தொற்றுக் காலமான 2020 தவிர, 1975 முதல் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்ததாகக் கணக்கு. 2014-இல் அணி சரிந்தது. மாணவர் டிக்கெட் விலையோ ஏறியிருந்தது. இரண்டு கோக் வாங்கினால் இரண்டு டிக்கெட் என்று ஒரு விளம்பரச் சலுகை வெளியானபோது ரசிகர்கள் கொதித்தார்கள். அந்த அக்டோபர் இறுதியில் விளையாட்டுத் துறை இயக்குநர் பதவி விலகினார். அடுத்த பருவத்துக்கு மாணவர் சீசன் டிக்கெட் 280 டாலரிலிருந்து 175 டாலராகக் குறைக்கப்பட்டது. மாணவர்கள் விலகினால் நிர்வாகம் இறங்கிவரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

கேள்வி (அட்லாண்டாவிலிருந்து): வரிச் சட்டத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. நல்ல இருக்கை வாங்கும் உரிமைக்காகவே பல்கலைக்கழகத்துக்குத் தனியாக நன்கொடை தர வேண்டும். அதில் 80 விழுக்காட்டுக்கு முன்பு வரிக்கழிவு கிடைத்தது. 2017 இறுதியில் வந்த சட்டம் அதை நீக்கிவிட்டது. வசதியுள்ள பழைய மாணவர்களுக்கு இது ஒரு சுமை. சாதாரணக் குடும்பங்களுக்குப் பெரிய வேறுபாடு இல்லை.

கேள்வி (சிகாகோவிலிருந்து): பல்கலைக்கழகங்கள் என்னதான் செய்கின்றன? தொலைக்காட்சிப் பணம் வரும்போது காலி இருக்கை பற்றி அவை ஏன் கவலைப்பட வேண்டும்?

பதில்: சில பல்கலைக்கழகங்கள் அரங்கையே சுருக்கிக்கொண்டன. ஸ்டான்ஃபோர்டு 2006-இல், 85,000 பேர் அமரும் பழைய அரங்கை இடித்து 50,000 பேருக்கானதாகக் கட்டியது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில், நார்த்வெஸ்டர்ன் 47,000 இருக்கைகள் கொண்ட அரங்குக்குப் பதிலாக 35,000 பேருக்கான புதிய அரங்கைத் திட்டமிட்டது. எஸ்.இ.சி. கூட்டமைப்பு 2019-இல் பொது இருக்கைப் பகுதிகளிலும் மது விற்க அனுமதித்தது. 2023-இல், முதல் டவுன் எடுத்தபின் (அதாவது, பந்தைப் பத்து கஜம் முன்னேற்றிப் புதிய வாய்ப்புகள் பெற்றபின்) கடிகாரத்தை நிறுத்தும் வழக்கத்தை, ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடங்களுக்கு மட்டும் என்று குறைத்தார்கள். ஆனால் விளம்பர இடைவேளைகளைத் தொடாமல் இதைச் செய்ததால் மிச்சமான நேரம் சில நிமிடங்களே. டிசம்பர் 2024-இல் சாம்பியனைத் தீர்மானிக்கும் பன்னிரண்டு அணிகளின் பிளேஆஃப் சுற்றை நோட்டர் டேம், பென் ஸ்டேட், ஓஹாயோ ஸ்டேட், டெக்சஸ் வளாகங்களிலேயே தொடங்கியது நல்ல முடிவு. பெரிய ஆட்டம் தம் ஊருக்கு வரக்கூடும் என்ற நம்பிக்கை சீசன் டிக்கெட்டை வைத்திருக்கத் தூண்டும்.

கவலை ஏன் என்றால், சீசன் டிக்கெட் வாங்குபவர் பெரும்பாலும் ஒரு காலத்தில் மாணவர் பகுதியில் நின்று கத்தியவர். பதினெட்டு வயதில் அந்தப் பழக்கம் ஏற்படாதவர், நாற்பது வயதில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வரமாட்டார், நன்கொடையும் தரமாட்டார். ஒளிபரப்பு ஒப்பந்தம் ஏழாண்டுகளில் முடிந்து மறுபடி பேரத்துக்கு வரும். மாணவர் பகுதி காலியானால், அந்த இழப்பு இருபது ஆண்டுகளுக்குப் பிறகே கணக்கில் தெரியும்.

கேள்வி (கொலம்பஸிலிருந்து ஒரு தாய்): என் இரண்டு பிள்ளைகளையும் ஒரு முறை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். எந்த ஆட்டத்துக்குப் போகலாம்?

பதில்: அம்மா, ஓஹாயோ ஸ்டேட்டின் பெரிய ஆட்டங்களுக்கு விலை மிக அதிகம். செப்டம்பரில் சிறிய அணியோடு நடக்கும் பகல் ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் பைகளுக்கு மட்டுமே பெரும்பாலும் அனுமதி என்பதால், அரங்கின் விதிகளைப் பார்த்துவிட்டுச் செல்லுங்கள். ஆட்டம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே உள்ளே போய்விடுங்கள். வாத்தியக் குழு களத்தில் இறங்கி "ஓஹாயோ" என்று எழுத்தாக நகர்ந்து நிற்பதைப் பிள்ளைகள் தவறவிடக் கூடாது.