டெஸ்க்டாப்பில் ஃபேன் இரைச்சல் ஏன் வருகிறது, எப்படிக் குறைப்பது?

பிராசசரின் மேல் அலுமினியத் தகடுகள் அடுக்கிய ஒரு கட்டை இருக்கும். அதுதான் ஹீட்சிங்க். பிராசசரின் சூடு அதில் ஏறும், ஃபேன் காற்றடித்து அதை விரட்டும். தகடுகளுக்கு இடையே தூசி அடைத்தால் சூடு வெளியேறாது. மதர்போர்டு உடனே ஃபேனை வேகப்படுத்தும், இரைச்சலும் கூடும். கிருஷ்ணகிரியில் கிரானைட் பட்டறைப் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை சீக்கிரமே வரும்.

பவரை அணைத்து, இறக்கை சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு தூசியை ஊதுங்கள். பழைய மெஷின் என்றால் பிராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தப் பூசியிருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், அதையும் மாற்றிவிடுங்கள்.

அப்புறம் காற்றுப் பாதை. எதிரெதிர் ஜன்னல் உள்ள அறை போல, கம்ப்யூட்டர் பெட்டியின் முன்பக்க ஃபேன் காற்றை உள்ளே இழுக்க வேண்டும், பின்பக்க ஃபேன் வெளியே தள்ள வேண்டும். 80 மி.மீ. ஃபேனைவிட 120 மி.மீ. ஃபேன் மெதுவாகச் சுற்றியே அதே அளவு காற்றைத் தரும், சத்தமும் குறைவு.

பக்கவாட்டு மூடியைக் கழற்றி வைப்பதுதான் தீர்வு என்று பலர் நினைக்கிறார்கள்; அதனால் சூடு நிறையக் குறைந்தால், மூடியிருக்கும்போது காற்று வரும் வழி அடைத்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.