குண்டு விழுந்த இடம் வரை: கேம்பெயின் கேள்வி பதில்

பாண்டிச்சேரியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் பகடை உருட்டும் கூட்டத்துக்கு டிஎம் நான், அதாவது கதை சொல்லி ஆட்டத்தை நடத்துகிறவன். ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். பல வாரம் தொடரும் ஒரே கதைதான் கேம்பெயின். சொந்த விதி, சொந்த உலகம் பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

நெல்லிக்குப்பத்திலிருந்து: அண்ணா, 1 விழுந்தால் வாள் நழுவி சொந்த ஆளையே வெட்டும் என்று விதி வைத்தேன். எங்கள் வாள்வீரன் கோபித்துக்கொண்டு போய்விட்டான்.

அவன் கோபம் நியாயம்தான் தம்பி. இருபது முகப் பகடையில் 1 விழ 5 சதவீத வாய்ப்பு. சுற்றுக்கு ஒருமுறை வெட்டும் கற்றுக்குட்டிக்கு அந்த 5தான். நான்கு முறை வெட்டும் தேர்ந்த வீரனுக்கு ஒரு தடவையாவது 1 விழ ஏறக்குறைய 18.5 சதவீதம். தேறத் தேறக் கை நழுவுகிறது! மந்திரவாதிக்கோ பல மந்திரங்களில் உருட்டும் வேலையே இல்லை, எதிரிதான் உருட்டித் தப்பிக்க வேண்டும். நானும் இதே தப்பைச் செய்தவன். எங்கள் மேஜையில் ஒரு பெண், ஆட்டத்தில் தன்னோடு வந்த திருடனின் காதை அறுத்துவிட்டாள். முதல் தடவை விழுந்து விழுந்து சிரித்தோம். மூன்றாவது காதுக்கு யாரும் சிரிக்கவில்லை. வைத்தே தீருவேன் என்றால் சுற்றின் முதல் வெட்டுக்கு மட்டும் வையுங்கள்.

லாஸ்பேட்டையிலிருந்து: காய மருந்து குடிக்க, என் முறைக்குக் கிடைக்கும் முக்கியச் செயலான ஆக்‌ஷன் முழுசாகப் போகிறதே?

விதிப்புத்தகத்தின் 2024 பதிப்பில் அது, கூடவே செய்துகொள்ளும் சின்னச் செயலான போனஸ் ஆக்‌ஷன் ஆகிவிட்டது. பழைய புத்தகம் வைத்திருந்தாலும் அப்படியே ஆடுங்கள்.

மஞ்சக்குப்பத்திலிருந்து: ஒரு வருடமாக உலகம் படைக்கிறேன். மூன்று கண்டம், ஒன்பது கடவுள், வரைபடம் எல்லாம் தயார். ஆட்டம்தான் இன்னும் தொடங்கவில்லை.

கடலூர்க்காரர் கண்டத்துக்கா அலைவது? 1690-ல் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயர் மராட்டியரிடம் வாங்கியபோது, பீரங்கியைச் சுட்டால் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள நிலமும் விலையில் சேர்த்தி. அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர். பீரங்கியை எடுத்துவிட்டு, கோபுரத்திலிருந்து மந்திரவாதி எறியும் தீக்கல் என்று வையுங்கள். கல் ஒரு கிழவியின் கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுகிறது. இப்போது அடுப்படி ஒரு ராஜ்யம், திண்ணை இன்னொரு ராஜ்யம். வரி கேட்டு இரண்டு பக்கமும் ஆள் வந்து நிற்கிறான். கிழவி உங்கள் பிளேயர்களைக் கூப்பிடுகிறாள். முதல் மூன்று செஷனுக்கு இது போதும். கடவுள்கள் காத்திருப்பார்கள், அவர்களுக்கு என்ன அவசரம்.

சிதம்பரத்திலிருந்து: காடு என்றாலே எனக்குப் பைன் மரமும் பனியும்தான் வருகிறது.

பக்கத்தில் பிச்சாவரத்தை வைத்துக்கொண்டா? படகில் போனால் தலைக்கு மேலே சுரபுன்னை, இரண்டு பக்கமும் வேர். தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அதையே விதியாக்குங்கள்: அந்தக் காட்டில் கோடாலி வீசுகிறவர் உடல்வலுவுக்கு ஒரு உருட்டு உருட்ட வேண்டும், தவறினால் அன்று முழுக்கக் கண் தெரியாது. ஆனால் இதைப் படகோட்டி வாயால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் குருடாக்கினால் அது விதியில்லை, வஞ்சனை.

வில்லியனூரிலிருந்து: ஆட்டத்தின் நடுவே விதிச் சண்டை வந்தால்?

அன்றைக்கு டிஎம் சொன்னதுதான். அப்புறம் டீ குடிக்கும்போது பேசி நோட்டில் எழுதுங்கள். எங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஏழு விதிக்குத்தான் இடம். எட்டாவது வந்தால் ஒன்றை அடிக்க வேண்டும். முதலில் அடிபட்டது காதறுப்பு.