எச்சரிக்கை விளக்கு எரியவில்லை, கோட் இல்லை: அப்போ ஹைபிரிட் பற்றரி நல்லதா?

கேள்வி: நாங்கள் அட்டனில் இருக்கிறோம். 2014 டொயோட்டா அக்வா ஒன்றும் 2014 ஹொண்டா ஃபிட் ஹைபிரிட் ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறோம், இரண்டும் இஞ்சினோடு மின் மோட்டரும் உள்ள ஹைபிரிட் கார்கள். அக்வாக்காரர் எங்கள் கண் முன்னாலேயே ஸ்கேனரைப் போட்டு ஒரு கோட்டும் இல்லை என்று காட்டினார். ஃபிட்காரர் கியர்பொக்ஸ் கொஞ்சம் உதறியது, ரீசெட் பண்ணிச் சரியாகிவிட்டது என்கிறார். எதை வாங்கலாம்?

பதில்: முதலில் அந்த "கோட் இல்லை" விஷயத்தைப் பார்ப்போம். கோட் என்பது கோளாறைக் கண்டதும் காரின் கணினி பதிந்து வைக்கும் குறியீட்டு எண், ஸ்கேனர் அதை வாசிக்கும் கருவி. கோட்டைக் காட்டும் அதே ஸ்கேனரால் அதை அழிக்கவும் முடியும், அரை நிமிட வேலை. ஆனால் கோட்டை அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று கார் தனியாகக் கணக்கு வைத்திருக்கும், ஸ்கேனரில் அந்த வரியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். என் மைத்துனருக்கு ஒரு அக்வா பார்க்கப் போனபோது அதில் 11 கிலோமீட்டர் என்று இருந்தது. விற்பவரின் வீட்டிலிருந்து நாங்கள் நின்ற இடத்துக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம்தான். காரின் சாதாரண 12 வோல்ட் பற்றரியைக் கழற்றி மாட்டினாலும் இந்தக் கணக்கு பூஜ்யத்துக்குப் போகலாம், அதனால் உடனே ஆள் மேல் பழி போட வேண்டாம். ஆனால் அப்படிப்பட்ட காருக்கு அன்றைக்கே முற்பணமும் கொடுக்க வேண்டாம், ஒரு வாரம் ஓடவிட்டு மறுபடி பாருங்கள்.

அப்புறம், உண்மையிலேயே கோட் இல்லாத காரிலும் பற்றரி நோஞ்சானாக இருக்கலாம். அக்வாவின் பின் சீட்டுக்குக் கீழே மொடியூல் எனப்படும் 7.2 வோல்ட் சிறு பற்றரிகள் 20 வரிசையாக இருக்கின்றன, மொத்தம் 144 வோல்ட். காரின் கணினி இவற்றின் வோல்ட்டை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வித்தியாசம் எல்லையைத் தாண்டினால்தான் பி0ஏ80 என்ற கோட்டைப் போட்டு எச்சரிக்கை விளக்கை எரிய விடும். அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே நிற்கும் பற்றரிக்குக் கார் வாயே திறக்காது. நிறுத்தி வைத்த காரில் எல்லா மொடியூலும் நல்ல பிள்ளை மாதிரிதான் இருக்கும், பாரம் ஏறும்போதுதான் சாயம் வெளுக்கும்.

நீங்கள் மலைநாட்டில் இருப்பது இதற்கு வசதி. ஸ்கேனரை மாட்டியபடியே கினிகத்தேனை ஏற்றத்தில் ஒருவர் ஓட்ட, இன்னொருவர் வோல்ட் எண்களைப் பார்க்கட்டும். எல்லாம் சேர்ந்து இறங்கிச் சேர்ந்து ஏறினால் நல்லது, ஒன்று மட்டும் ஒவ்வொரு அழுத்தலுக்கும் தனியாகக் கீழே போனால் அதுதான் நோயாளி. இறக்கத்தில் திரையில் உள்ள பற்றரிக் கோடுகளையும் கவனியுங்கள். கொஞ்ச தூரத்திலேயே மடமடவென்று நிறைந்து, அடுத்த சின்ன ஏற்றத்தில் அதே வேகத்தில் காலியானால், பற்றரியின் கொள்ளளவு சுருங்கிவிட்டது. பின் சீட்டுப் பக்கம் விசிறி விடாமல் இரைந்தால், காற்று போகும் துவாரத்தில் தூசி அடைத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பற்றரியைக் கொல்வது சூடுதான், அந்தத் துவாரத்தின் மேல் பையையும் போர்வையையும் போட்டு மூடி வைக்கிறவர்கள் நிறையப் பேர்.

ஃபிட்டில் என் பயம் பற்றரி இல்லை, கியர்பொக்ஸ். அது இரண்டு கிளட்ச் உள்ள 7 கியர் பெட்டி, எந்தக் கிளட்ச் எப்போது பிடிக்க வேண்டும் என்பதைக் கணினிதான் தீர்மானிக்கிறது. 2013 செப்டெம்பரில் ஜப்பானில் ஃபிட் ஹைபிரிட் வந்தது, 2014 ஒக்டோபர் முடிவதற்குள் கோளாறுகளைத் திருத்திக் கொடுக்க ஹொண்டா அதை ஐந்து முறை திரும்ப அழைத்தது. ஆரம்ப அழைப்புகளுக்கு இந்தக் கியர்பொக்ஸின் கட்டுப்பாட்டு மென்பொருள்தான் காரணம். லொறிக்குப் பின்னால் ஏற்றத்தில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் தேய்ந்து சூடாகும். உங்கள் பாதையில் அது தினசரி நடக்கும். "ரீசெட்" என்று அவர் சொல்வது, கிளட்ச் பிடிக்கும் இடத்தைக் கணினிக்கு மறுபடி கற்றுக்கொடுப்பது. தேய்ந்த கிளட்ச் அதனால் புதிதாகாது, உதறல் திரும்ப வரும்.

அக்வாவில் அந்தத் தொல்லை இல்லை. இஞ்சினையும் இரண்டு மோட்டர்களையும் ஒரே பல்சக்கரத் தொகுதி இணைக்கிறது, நழுவித் தேய கிளட்சும் இல்லை, பெல்ட்டும் இல்லை. ஆகவே ஏற்றச் சோதனையில் பற்றரி தேறினால் அக்வாவை வாங்குங்கள். தேறாவிட்டால் புதுப் பற்றரியின் விலையைக் கழித்துக் கேளுங்கள், அதற்கு அவர் சம்மதிக்காவிட்டால் வேறு அக்வா பாருங்கள். ஃபிட்டில்தான் மனம் நிற்கிறது என்றால், அதன் சசி நம்பரை ஹொண்டாவின் ஜப்பான் இணையதளத்தில் போட்டுப் பார்த்து, திரும்ப அழைத்த வேலைகள் முடிந்திருக்கின்றனவா என்று உறுதி செய்யாமல் காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் அக்வாவில் பி0ஏ80 வந்துவிட்டது. ஒரே ஒரு மொடியூல்தான் போயிருக்கிறது, அதை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார் கராஜ்காரர். நம்பலாமா?

பதில்: அவர் சொல்வது பொய் இல்லை, ஆனால் பாதிதான். எல்லா மொடியூலும் ஒரே வயது, ஒரே வெயிலைக் கண்டவை. ஒன்று விழுந்தால் மற்றவை வரிசையில் நிற்கின்றன என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு, வேறொரு பழைய பற்றரியிலிருந்து கழற்றிப் போடும் மொடியூலின் கொள்ளளவு மற்ற 19க்கும் பொருந்தாவிட்டால், சில மாதத்தில் அதே கோட் மறுபடி வரும். காரை விற்கப் போகிறீர்களா, கையில் இப்போதைக்குக் காசு இல்லையா, அப்படியென்றால் செய்யுங்கள், வாங்குபவரிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள். வைத்து ஓட்டுவதானால் முழுத் தொகுதியையும் மாற்றுங்கள். உத்தரவாதம் எத்தனை மாதம், மொடியூலுக்கா முழுத் தொகுதிக்கா என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

கேள்வி: 2010 பிரியஸ். ஓடிக்கொண்டிருக்கும்போதே எல்லா விளக்கும் எரிந்து, ஊர்ந்துதான் வீடு வந்தது. அணைத்துப் போட்டதும் சரியாகிவிட்டது. விட்டுவிடலாமா?

பதில்: விடவே வேண்டாம். உள்ளே ஒரு கோளாறைக் கண்டுபிடித்ததால், உங்களை நடுரோட்டில் நிறுத்தாமல் கார் சக்தியைக் குறைத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. பற்றரியின் மின்சாரத்தை மோட்டருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேர்ட்டர் பக்கத்தில் டிரான்சிஸ்டர்கள் அளவுக்கு மீறிச் சூடாவதால் 2014 பெப்ரவரியில் டொயோட்டா உலகம் முழுக்க ஏறத்தாழ 19 இலட்சம் பிரியஸ்களைத் திரும்ப அழைத்தது, உங்களுடைய தலைமுறை வண்டிதான். 2018 ஒக்டோபரில் மறுபடி ஏறத்தாழ 24 இலட்சம் ஹைபிரிட் கார்களை அழைத்தார்கள். கோளாறு வரும்போது இப்படி ஊர்ந்தாவது போக வேண்டிய கார், அரிதாகச் சக்தியே இழந்து நின்றுவிடக்கூடும் என்பதுதான் காரணம். கோட்டை யாரும் அழிக்க முன் ஸ்கேன் பண்ணி, திரையைப் போனில் படம் எடுத்து வையுங்கள். சசி நம்பரோடு முகவரிடம் போய் இந்த இரண்டு மென்பொருள் வேலைகளும் நடந்திருக்கின்றனவா என்று கேளுங்கள். அதுவரை நெடுந்தூரம் ஓட வேண்டாம்.