எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை, வீட்டில் தனியாக ஓய்வு: எவ்வளவு பணம் ஒதுக்குவது?

கேள்வி: எனக்கு வயது 42. தனியாக வசிக்கிறேன். இன்னும் ஆறு வாரத்தில் எனக்கு ஸ்லீவ் அறுவை சிகிச்சை (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துச் சிறிதாக்குவது). மருத்துவமனைச் செலவைக் காப்பீடு ஏற்றுக்கொண்டுவிட்டது. வாரத்துக்கு ஐந்து நாள் அலுவலக வேலை. மூன்று வாரம் ஓய்வு வேண்டும் என்கிறார் டாக்டர். சம்பளத்தோடு விடுப்பு பத்து நாள்தான் பாக்கி. நான்கு மாதச் செலவுக்கான சேமிப்பு இருக்கிறது, அதில் பாதி வைப்பு நிதியில். சாய்வு நாற்காலி, பிளெண்டர், பெரிய டப்பா புரோட்டீன் பவுடர் என்று ஒரு பட்டியல் போட்டேன். அதுவே ஒரு மாதச் செலவைத் தாண்டிவிட்டது. தனிநபர் கடன் வாங்கலாமா? உதவிக்கு ஆள் வைப்பது வீண் செலவா?

பதில்: கடன் வேண்டாம். பட்டியலில் முக்கால்வாசியை அடித்துவிடலாம். ஆனால் ஆள் வைக்கும் செலவில் மட்டும் கை வைக்காதீர்கள். தனியாக இருப்பவருக்கு இந்த நேரத்தில் பணம் கொடுத்து வாங்க வேண்டியது இன்னொருவரின் நேரம். பொருட்கள் அதற்கு அடுத்தபடிதான்.

ஸ்லீவ் சிகிச்சை பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பி முறையில், அதாவது வயிற்றில் சிறு துளைகள் போட்டு, நடக்கும். ஓரிரு இரவில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நடக்க முடியும், குளிக்க முடியும். அதனால்தான் பலரும் தனியாகச் சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். முடியாதது எது என்றால், எடை தூக்குவது, படுத்த இடத்திலிருந்து சட்டென்று எழுவது, களைப்பில் அசந்து கிடக்கும்போது நாம் போதுமான அளவு தண்ணீர் குடிக்கவில்லை என்று நமக்கே தெரிவது. வீட்டுக்கு வந்தவர்கள் திரும்பவும் மருத்துவமனைக்குப் போக நேர்வதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று நீரிழப்பு. அதைத் தடுக்கும் செலவு சிறியது, தடுக்கத் தவறினால் வரும் பில் பெரியது.

முதலில் ஆள் கணக்கு. மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்தவரைத் தனியாக அனுப்ப மாட்டோம், வீட்டுக்கு அழைத்துப் போகவும் முதல் 24 மணி நேரம் கூட இருக்கவும் வயதுவந்த ஒருவர் வேண்டும் என்று பல மருத்துவமனைகள் கேட்கும். ஆள் இல்லையென்றால் தேதியே தள்ளிப்போகலாம். ஆகவே வீடு திரும்பியதும் முதல் இரண்டு நாள் கூடவே தங்கும் ஒருவர்: 48 மணி நேரம். மூன்றாம் நாளிலிருந்து பத்தாம் நாள்வரை தினம் இரண்டு மணி நேரம்: 16. அதன்பின் மூன்று வாரத்துக்கு, வாரம் இரண்டு முறை இரண்டிரண்டு மணி நேரம்: 12. மொத்தம் 76 மணி நேரம். இதை உங்களுக்குக் கிடைக்கும் மணிக்கூலியால் பெருக்குங்கள். நர்ஸ் வேண்டும் என்று மருத்துவர் சொன்னாலொழிய, பயிற்சி பெற்ற சாதாரண உதவியாளர் போதும். கூலி வித்தியாசம் கணிசமாக இருக்கும். அவர் செய்ய வேண்டியது: எழுந்து நடக்கக் கை கொடுப்பது, குடித்த அளவைக் குறித்து வைப்பது, காய்ச்சலும் நாடித்துடிப்பும் பார்ப்பது, துணி துவைப்பது, குப்பையைக் கொண்டுபோய்ப் போடுவது. தொகை கைமீறினால் கடைசி மூன்று வாரத்தில் குறையுங்கள். முதல் இரண்டு இரவில் குறைக்காதீர்கள். தோழி ஒருவர் வந்து தங்குவதாக இருந்தால் அவருடைய பயணச் செலவையும், அவர் இழக்கும் சம்பளத்தையும் நீங்களே தருவதாக முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்போதுதான் கடைசி நேரத்தில் வர முடியாமல் போகும் வாய்ப்பு குறையும்.

முன்பணம் கொடுக்கும்போது ஒரு நிபந்தனை அவசியம். காய்ச்சல், சளி, சர்க்கரை அளவு சரியில்லாதது என்று இந்தச் சிகிச்சைகளின் தேதி மாறுவது சகஜம். தேதி மாறினால் முன்பணமும் கூடவே நகரும் என்று எழுதித் தருபவரிடம் மட்டும் கொடுங்கள்.

அடுத்து, நின்றுபோகும் சம்பளம். மூன்று வாரம் என்றால் 15 வேலை நாள்; பத்து நாள் விடுப்பு போக ஐந்து நாள் சம்பள இழப்பு. கேட்கச் சிறிதுதான். ஆனால் நீங்கள் போட வேண்டிய கணக்கு ஆறு வாரத்துக்கு. முதல் மாதம் மிகக் குறைந்த கலோரியில் ஓடுகிற உடம்பு நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்க்க மறுக்கலாம். 30 வேலை நாளில் பத்து போனால் 20. அதாவது ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். அதற்கு ஈடாக ஒரு மாதச் செலவைச் சேமிப்புக் கணக்கில் தனியாக வையுங்கள். அறுவைக்கு முன்பே மனிதவளப் பிரிவிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: மூன்றாம் வாரத்திலிருந்து வீட்டிலிருந்தே அரை நாள் வேலை பார்க்கலாமா, மருத்துவச் சான்றிதழ் எந்த வடிவில் வேண்டும், நீட்டிப்பு வேண்டுமென்றால் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும்.

பொருட்களுக்கு வருவோம். சாய்வு நாற்காலி தேவையில்லை. முதல் சில நாட்கள் தலையும் முதுகும் உயர்ந்தபடி படுத்தால் எழுவது சுலபம்; அதற்கு வீட்டிலுள்ள தலையணைகளே போதும், போதாவிட்டால் சரிவான தலையணை ஒன்று. பிளெண்டர் ஏற்கெனவே எது இருந்தாலும் சரி. உண்மையில் வாங்க வேண்டியவை மலிவானவை: தெர்மாமீட்டர், மாத்திரை பொடிக்கும் கருவி, குளியலறைக்கு வழுக்காத விரிப்பு, கட்டில்வரை எட்டும் நீளமான சார்ஜர் ஒயர், 30 மி.லி. மருந்துக் குவளைகள் ஒரு கட்டு.

அந்தக் குவளையைத்தான் அதிகம் வலியுறுத்துவேன். தொடக்கத்தில் எட்ட வேண்டிய இலக்கு பொதுவாக நாளொன்றுக்கு 1.5 லிட்டர் திரவம். வீங்கியிருக்கும் சிறிய இரைப்பையில் ஒரு டம்ளரை ஒரே மூச்சில் குடிக்க முடியாது. குடித்தால் வலியும் வாந்தியும்தான். கால் மணிக்கு ஒரு குவளை வீதம், சொட்டுச் சொட்டாக, 13 மணி நேரம் குடித்தால் 52 குவளை, 1,560 மி.லி. காலையில் குவளைகளை வரிசையாக நிரப்பி வைத்தால் மாலையில் மீதி எத்தனை என்பது கண்ணுக்குத் தெரியும். உதவியாளருக்கும் இதைவிட எளிதான கணக்கு இல்லை.

புரோட்டீன் பவுடரில்தான் அதிகப் பணம் வீணாகிறது. அறுவைக்குப் பின் பலருக்கு நாக்கின் ருசி மாறிவிடும். முன்பு பிடித்த இனிப்புச் சுவை குமட்டும். அதனால் அறுவைக்கு முன் ஒருமுறை பயன்படுத்தும் சிறு பொட்டலங்களாக மூன்று நான்கு வகை மட்டும் வாங்குங்கள். பெரிய டப்பா இரண்டு வாரம் கழித்து, எது இறங்குகிறது என்று தெரிந்தபின். விலையை டப்பாவை வைத்துப் பார்க்காமல் புரதத்தின் கிராமை வைத்துப் பாருங்கள். ஒரு கிலோ டப்பா, ஒரு கரண்டி 30 கிராம் என்றால் 33 கரண்டி. கரண்டிக்கு 24 கிராம் புரதம் என்றால் மொத்தம் சுமார் 790 கிராம். அதே விலையில் கரண்டிக்கு 15 கிராம் மட்டும் தரும் டப்பாவில் 500 கிராம்கூட இருக்காது. நாளுக்குக் குறைந்தது 60 கிராம் என்பது வழக்கமான இலக்கு. இரண்டு கரண்டியில் 48 கிராம் வந்துவிடும், மீதியை மற்ற திரவ உணவு பார்த்துக்கொள்ளும். அப்படியானால் ஒரு டப்பா 16 நாள் வரும்.

மருந்துகளுக்கு ஒரு நுணுக்கம் உண்டு. வீட்டுக்கு அனுப்பும்போது எழுதித்தரப்போகும் பட்டியலை இப்போதே கேட்டு வாங்குங்கள். அமிலம் குறைக்கும் மருந்து, வலி மருந்து, குமட்டலுக்கான மருந்து, சிலருக்கு ரத்தக்கட்டைத் தடுக்கும் ஊசி, பித்தப்பை இருப்பவர்களுக்குக் கல் வராமல் தடுக்க ஆறு மாதம் உர்சோடியாக்ஸிகோலிக் அமிலம் என்று அது நீளலாம். ஒவ்வொன்றின் விலையையும் விசாரித்துவிடுங்கள். ஊசியும் உர்சோடியாக்ஸிகோலிக் அமிலமும்தான் பட்ஜெட்டை அசைப்பவை. நீங்கள் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளில் மெதுவாகக் கரையும் வகை இருந்தால் அதைப் பொடிக்கக்கூடாது. அதற்கு மாற்றான திரவ மருந்து விலை கூடுதலாக இருக்கலாம். மருந்தாளுநரிடம் கேட்டுத் தொகையைச் சேருங்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து எடுப்பவர் என்றால் மூன்று மாதத்துக்கு மொத்தமாக வாங்கி வைக்காதீர்கள்; அறுவைக்குப் பின் சில நாட்களிலேயே அளவு குறைக்கப்படலாம். குறைப்பது மருத்துவர் வேலை, நீங்களாகச் செய்யக்கூடாது.

போக்குவரத்தை மறந்துவிடாதீர்கள். கடுமையான வலி மருந்து எடுக்கும்வரை வண்டி ஓட்டக்கூடாது. அறுவை நாள், இரண்டு பரிசோதனை நாள், ஒரு அவசரப் பயணம் என்று போக வர எட்டுச் சவாரி. சுமார் 5 கிலோவுக்கு மேல் தூக்க நான்கு முதல் ஆறு வாரம் தடை இருக்கும் என்பதால், மளிகையைச் சமையலறைவரை கொண்டுவந்து வைப்பவரிடம் வாங்குங்கள்.

இனி, நான்கு மாதச் சேமிப்பைப் பிரிக்கும் விதம். ஒரு மாதம் சம்பள இடைவெளிக்கு. முக்கால் மாதம் ஆளுக்கு. கால் மாதம் பொருள், மருந்து, பயணத்துக்கு. இந்த இரண்டு மாதமும் சேமிப்புக் கணக்கில். வைப்பு நிதியிலுள்ள இரண்டில் ஒரு மாதம், மீண்டும் மருத்துவமனையில் சேர நேர்ந்தால் அதற்கு; கடைசி மாதம் தொடக்கூடாதது. நிதி ஒரே ரசீதாக இருந்தால், அபராதம் இல்லாமல் இரண்டாகப் பிரிக்க வங்கியில் கேளுங்கள். அவசரம் வந்தால் உடைப்பதற்கு முன் அதன்மேல் கடன் வாங்கும் வட்டியைப் பாருங்கள். பெரும்பாலும் தனிநபர் கடனைவிட மலிவு. தனிநபர் கடன் வரிசையில் கடைசி.

மீண்டும் மருத்துவமனையில் சேர்வதற்கு ஏன் தனித் தொகை? காப்பீடு அறுவையை ஏற்றது என்பதால் அதன்பின் வரும் சிக்கலையும் ஏற்கும் என்று பொருளில்லை. இந்த ஐந்தையும் எழுத்தில் கேளுங்கள்: சிக்கலால் மீண்டும் சேர்ந்தால் செலவு கிடைக்குமா, புதிய முன் அனுமதி வேண்டுமா, வீடு திரும்பியபின் எத்தனை நாள்வரையிலான மருந்தும் பரிசோதனையும் சேரும், வீட்டுக்கு வரும் நர்ஸ் செலவு சேருமா, பில்லைத் தாக்கல் செய்யக் கடைசி நாள் எது. தொலைபேசியில் சொன்ன பதில் தகராறு வரும்போது உதவாது.

ஆறு வாரத்தில் கட்ட வேண்டிய வாடகை, மின்கட்டணம், கடன் தவணை, காப்பீட்டு பிரீமியம் எல்லாவற்றையும் தானாகக் கழியும்படி அமைத்துவிடுங்கள். குறிப்பாகப் பிரீமியம். அதைத் தவறவிட்டுப் பாலிசி காலாவதியாவது இந்த நேரத்தில் தாங்காது. உதவியாளரிடம் வங்கி அட்டையும் ரகசிய எண்ணும் கொடுக்காதீர்கள். சில்லறைச் செலவுக்குக் கொஞ்சம் ரொக்கமும் ஒரு நோட்டும் கொடுங்கள். வலி மருந்து எடுக்கும் நாட்களில் முதலீடு, கையெழுத்து, பெரிய ஆன்லைன் வாங்கல் எதுவும் வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் செலவைப் பற்றி யோசிக்கவே கூடாது. ஓய்வாக இருக்கும்போதே நாடித்துடிப்பு 120-க்கு மேல் நிற்பது, 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டும் காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம், கறுப்பு மலம், எதைக் குடித்தாலும் வெளியே வருவது: இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள். தையல் கசிவும் ரத்தக்கட்டும் தாமதிக்கத் தாமதிக்க உயிருக்கும் ஆபத்து, பில்லும் பெருகும். பக்கத்து வீட்டிலோ நம்பகமான ஒருவரிடமோ சாவி ஒன்று இருக்கட்டும். உள்ளே தாழ்ப்பாள் போடாதீர்கள். வாந்தி நாள்கணக்கில் நீடித்தால் வைட்டமின் பி1 குறைபாடு நரம்பைப் பாதிக்கும். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் எடைக்குறைப்பு அறுவை நடந்ததை முதலில் சொல்லுங்கள்.

இதுவரை சொன்னவை ஒருமுறைச் செலவு. ஆயுள் முழுக்கத் தொடரும் செலவு ஒன்று உண்டு, பலர் அதைப் பட்ஜெட்டில் எழுதுவதே இல்லை: மல்டிவைட்டமின், பி12, வைட்டமின் டி, நாளுக்கு 1,200 முதல் 1,500 மி.கி. கால்சியம் (பிரித்துப் பிரித்து), மாதவிடாய் இருக்கும் பெண்களுக்கு 45 முதல் 60 மி.கி. இரும்பு. கால்சியமும் இரும்பும் சேர்ந்தால் ஒன்று மற்றதை உறிஞ்சவிடாது, இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். மிட்டாய் வடிவ வைட்டமின்களில் இரும்பு பெரும்பாலும் இருக்காது. ரத்தப் பரிசோதனை 3, 6, 12-ஆம் மாதங்களிலும், பிறகு ஆண்டுதோறும். வேலைக்குத் திரும்பிய மாதமே இதற்கென்று பட்ஜெட்டில் ஒரு தொகையை நிரந்தரமாக எழுதிவிடுங்கள். மூன்றாம் மாதம் தொடங்கி முடி கொட்டக்கூடும். பெரும்பாலும் தானாகவே வளரும், புரதம் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். விலை உயர்ந்த முடி மாத்திரைகளுக்கு அவசியமில்லை. உடையும் அப்படித்தான்: முதல் ஆறு மாதம் அளவு வேகமாக மாறும், இரண்டு மூன்று உடையோடு சமாளியுங்கள்.

தொங்கும் தோலை நீக்கும் சிகிச்சை பற்றி இப்போது கேட்கத் தோன்றாது. எடை நிலைத்தபின், பொதுவாக 12 முதல் 18 மாதம் கழித்துத்தான் அது பேச்சுக்கு வரும். காப்பீடுகள் பெரும்பாலும் அதை அழகுச் சிகிச்சை என்று ஒதுக்கிவிடும். தோல் மடிப்பில் அடிக்கடி புண்ணோ தொற்றோ வந்ததற்கான மருத்துவக் குறிப்பும் தேதியிட்ட படங்களும் இருந்தால் வாதிட ஒரு பிடி கிடைக்கும். அந்தக் கோப்பை, அப்படியொரு தொல்லை முதன்முறை வரும் நாளிலேயே தொடங்குங்கள்.